ஒரே தூது, வேறு வேறு விடை

தவளையின் இதயத்தை உடலினின்றும் பிரித்தெடுத்து ஏற்ற உப்புக் கரைசலிலே இட்டு வைத்தால், அது நெடுநேரம் தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். ஒஸ்திரிய நாட்டின் கிராற்சு நகரப் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பேராசிரியராயிருந்த ஒட்டோ லோவி என்பவர், இத்தகைய இதயங்கள் இரண்டைக் கொண்டு தாம் செய்த பரிசோதனை ஒன்றை 1921 ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதலாம் இதயத்தோடு அதன் அலைநரம்பும் அறுபடாது சேர்ந்திருந்தது. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு இதயத்துக்கும் இரைப்பைக்கும் பிற உள்ளுறுப்புக்களுக்கும் அலைந்து செல்வதால் அந்நரம்புக்கு அப்பெயர் வந்தது. அதனை மின்னால் தூண்டியதும் இதயத்தின் துடிப்புத் தளர்ந்தது. அவ்வளவும் முன்னரே தெரிந்ததுதான். லோவி அதன்மேற் செய்தது இதுவே: தளர்ந்த இதயத்தினுள் இருந்த கரைசலை உறிஞ்சியெடுத்து, நரம்பு தூண்டப்படாத இரண்டாம் இதயத்தினுள் விட்டார். அவ்விதயமும் தளர்ந்தது.

இப்பரிசோதனையின் முறை தமக்கு உறக்கத்திலே தோன்றிற்று என்றும், முதல் இரவில் அரைத் தூக்கத்திற் கிறுக்கி வைத்த குறிப்பைக் காலையில் தம்மாலேயே வாசிக்க முடியாது போயிற்று என்றும், அடுத்த இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் மீண்டும் வரவே எழுந்து ஆய்வுகூடத்துக்கு விரைந்ததாகவும் லோவி பிற்காலத்திற் சொல்லி வந்தார். பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன கதையாகையால், அதன் நாளும் நேரமும் பற்றி ஆராய்வோர் ஐயுறுவதுண்டு. பரிசோதனையின் முடிவோ பின்னர் நன்கு உறுதிப்பட்டது. நரம்பிலே மின் துடிப்பாக வரும் செய்தி, நரம்பின் நுனியை அடைந்ததும் ஓர் இரசாயனப் பொருளாகச் சுரந்து, அப்பொருளின் மூலமே அடுத்த கலத்தை எட்டுகின்றது என்பது தெளிவாயிற்று. 1936 இல் லோவிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த சேர் ஹென்றி டேலுக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஈராண்டு கழிந்து ஒஸ்திரியாவைக் கைப்பற்றிய நாசிகள், யூதரான லோவியைச் சிறையிலிட்டு, சுவீடன் நாட்டு வங்கியில் இருந்த அப்பரிசுப் பணத்தைத் தம் வசமாக்கிக்கொண்ட பின்னரே அவரை நாட்டை விட்டுப் போகவிட்டனர்.

தவளையின் இதயத்தைத் தளர்த்திய அப்பொருளின் பெயர் அசற்றைல்கோலின். எலும்போடு பொருந்திய தசைகளுக்குச் செல்லும் நரம்புகளும் இதே பொருளையே சுரக்கின்றன என்பதை டேலும் அவருடைய கூட்டாளிகளும் 1936 இல் எடுத்துக் காட்டினர். ஆனால் அங்கே விளைவு நேர்மாறானது. இதயத்தை அடக்கும் அதே அசற்றைல்கோலின், கைத்தசையையும் காற்றசையையும் சுருங்கச் செய்கின்றது. ஒரே பொருள் ஓரிடத்தில் ‘அடங்கு’ என்றும் மற்றோரிடத்தில் ‘எழு’ என்றும் கூறுவது எவ்வாறு?

கோயிலில் உச்சிக்காலப் பூசை மணி ஒலிக்கின்றது. அதைக் கேட்டு ஒருவர் கைகூப்புகின்றார். அடுக்களையில் நிற்பவர் உலையிறக்க விரைகின்றார். கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகின்றார். மணியோசையினுள்ளே இக்கட்டளைகள் எவையும் இல்லை. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகின்றது. நரம்புகள் சுரக்கும் இரசாயனத் தூதும் அத்தகையதே. தூதின் பொருளைத் தீர்மானிப்பது அதைப் பெற்றுக்கொள்ளும் கலமாகும். இன்னும் திட்டமாகச் சொன்னால், அக்கலத்தில் உள்ள மூலக்கூறுகளாகும். வெறும் அறிவு விருப்பத்துக்காக மட்டும் அறியவேண்டிய செய்தியன்று இது. மருந்து பலிப்பதும் பலியாததும், நஞ்சு கொல்வதும் கொல்லாததும் இதனையே பற்றி நிற்கின்றன.

கலத்தின் மேற்பரப்பிலே தூதை வாங்கிக்கொள்ளும் ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என்று முதன்முதலில் வற்புறுத்தியவருள் ஒருவர், கேம்பிரிச்சுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் லாங்லி. 1905 இல், கோழியின் தசைமீது புகையிலையிலுள்ள நிக்கொற்றீனையும், தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியிலே தடவும் குறாரே நஞ்சையும் மாறி மாறி இட்டுப் பார்த்து அவர் இம்முடிவுக்கு வந்தார். நிக்கொற்றீன் தசையைச் சுருக்கிற்று. குறாரே அதைத் தடுத்தது. நரம்பை வெட்டி, அது தேய்ந்தழிந்த பின்னரும் இவ்விளைவுகள் நிகழ்ந்தன. எனவே அவ்விரு பொருள்களும் பற்றுமிடம் நரம்பிலன்று, தசையிலேயே இருந்தது. இன்று அதனை ‘வாங்கி’ என்கின்றோம். 1914 இல் டேல் மேலும் ஒருபடி சென்றார். அசற்றைல்கோலினின் செயல்கள் இருவகையாகப் பிரிகின்றன என்று அவர் கண்டார். ஒருவகைச் செயல்களை நிக்கொற்றீனும் செய்யும். மற்றவகைச் செயல்களை, செந்நிறக் குடையில் வெண்புள்ளி படர்ந்த ஒரு நச்சுக் காளானிலிருந்து பெறப்படும் மசுக்கரின் செய்யும். முதல்வகையைக் குறாரே தடுக்கும். இரண்டாவதை அத்திரோப்பின் தடுக்கும்.

டேலின் காலத்திலே வாங்கி என்பது ஓர் ஊகமே. அதைக் கண்டவருமில்லை, பிரித்தெடுத்தவருமில்லை. இன்று அதன் அணுக்கள் அமைந்துள்ள முறைகூடத் தெரியும். நிக்கொற்றீன் வகை வாங்கி ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவே ஒரு துளை அமைந்த உருவினது. அசற்றைல்கோலின் மூலக்கூறுகள் இரண்டு வந்து பற்றியதும் அத்துளை திறக்கின்றது. வெளியிலுள்ள சோடியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன. கலம் கிளர்ச்சி அடைகின்றது. ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரத்தில் இவ்வளவும் நடந்துவிடும். இதயத்திலுள்ள மசுக்கரின் வகை வாங்கிக்குத் துளையே இல்லை. அது மென்சவ்வை ஏழுமுறை ஊடறுத்துச் செல்லும் ஒரு தனிப் புரத இழை. அசற்றைல்கோலின் அதனைப் பற்றும்பொழுது, கலத்தின் உட்புறத்திலே அதனோடு சேர்ந்துள்ள வேறொரு புரதம் விடுபட்டுச் சென்று, அண்மையிலுள்ள பொற்றாசியக் கால்வாய்களைத் திறக்கின்றது. நேரேற்றமுள்ள பொற்றாசியம் வெளியேற, கலம் அமைதியடைகின்றது. இது சற்று மெதுவாகவே நடைபெறும். தூதாகிய அசற்றைல்கோலினில் இரண்டிடத்தும் ஓர் அணுவளவு வேறுபாடுமில்லை.

இவ்வேறுபாடு உயிரைக் காக்குமிடத்தை இலங்கையின் வேளாண்மைப் பகுதிகளிலுள்ள மருத்துவமனைகளிலே காணலாம். வயலுக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லிகளுள் சேதனப் பொசுபரசுச் சேர்வைகள் என்றொரு வகுப்பு உண்டு. அசற்றைல்கோலினை உடனுக்குடன் சிதைத்தகற்றும் நொதியத்தை இவை முடக்கிவிடும். நஞ்சு உட்சென்றவரின் உடலில் எங்கும் அசற்றைல்கோலின் தேங்குகின்றது. இதயம் தளர்கின்றது, சுவாசப்பையில் நீர் சுரந்து மூச்சை அடைக்கின்றது, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குகின்றது. அத்திரோப்பின் ஏற்றியதும் இவை தணிகின்றன; ஏனெனில் இவையெல்லாம் மசுக்கரின் வகை வாங்கிகளின் வேலை. ஆனால் மூச்சை இழுக்கும் தசைகளின் வாங்கிகள் நிக்கொற்றீன் வகையின. அவற்றை அத்திரோப்பின் தீண்டாது. முதல் ஆபத்து நீங்கிவிட்டது என்று கருதப்பட்ட நோயாளிகள் சிலர், ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள்ளே கழுத்தைத் தூக்கவும் மூச்சு விடவும் இயலாதவராய் விழுவதைப் பேராதனையைச் சேர்ந்த நிமால் சேனநாயக்கவும் லக்‌ஷ்மன் கரலியத்தவும் 1987 இல் விரித்தெழுதினர். அதற்கு ‘இடைநிலைக் கூட்டுநோய்’ என்னும் கருத்துடைய பெயரை இட்டனர். அவர்களுடைய கட்டுரை உலகெங்கும் மருத்துவர்களுக்கு எச்சரிக்கையாய் அமைந்தது. நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவசரப்படும் உறவினர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது: ஒருவகை வாங்கி அமைதியுற்றமையால் மற்றவகையும் அமைதியுற்றது என்று கொள்ளலாகாது.

வாங்கியில் எவ்வளவு சிறிய மாற்றம் போதுமானது என்பதற்குக் கீரிப்பிள்ளையே நல்ல சான்று. நாகபாம்பின் நஞ்சிலும் கட்டுவிரியன் இனத்து நஞ்சிலும் தசையின் நிக்கொற்றீன் வாங்கியை இறுகப் பற்றி அடைத்துவிடும் புரதங்கள் உள்ளன. தைவானில் வாழும் ஒருவகை விரியனின் நஞ்சிலிருந்து அத்தகைய புரதமொன்றைச் சாங், லீ என்னும் தைவான் அறிஞர் இருவர் 1963 இல் பிரித்தெடுத்தனர். அப்புரதம் வாங்கியை விட்டு அகலாதிருந்தமையாலேயே, அதனைத் தூண்டிலாக்கி, மின்சார மீன்களின் உடலிலிருந்து வாங்கியைத் தனியே பிரித்தெடுக்கப் பின்னர் இயன்றது. பாம்போடு பொருதும் கீரி அந்நஞ்சுக்கு எளிதில் வீழ்வதில்லை. அது காட்டுக்குள் ஓடி ஒரு மூலிகையைக் கடித்து வருகின்றது என்பது நெடுங்கால நம்பிக்கை. இசுரவேல் நாட்டின் வைசுமன் ஆராய்ச்சி நிலையத்தார் 1992 இல் கண்டது வேறு. கீரியின் வாங்கியிலே, நஞ்சு பற்றும் இடத்தில், ஒருசில அமினோவமிலங்கள் மாறியுள்ளன. ஒரு வெல்லச் சங்கிலியும் அங்கே ஒட்டியுள்ளது. நஞ்சுக்கு அங்கே பிடியில்லை. ஆயினும் அசற்றைல்கோலின் வழக்கம்போல் வந்து பற்றுகின்றது. நாகபாம்பு தன் நஞ்சுக்குத் தான் இரையாகாதிருப்பதும் ஏறக்குறைய இத்தகைய மாற்றத்தினாலேயே. மூலிகை காட்டில் இல்லை. கீரியின் தசையிலேயே பிறப்போடு வந்துள்ளது.

இதுவரை கூறியவை இதயத்தையும் தசையையும் பற்றியவை. உறுப்பு வேறாகையால் விடையும் வேறாயிற்று என்று ஒருவர் சொல்லக்கூடும். நரம்புக்கலங்களுக்கிடையிலேயே இவ்வேறுபாடு உண்டா? அப்பிளீசியா என்னும் பெரிய கடல்நத்தையின் நரம்புக்கலங்கள் மிகப் பெரியவை. அவற்றை ஒவ்வொன்றாக அடையாளங் காணலாம். அமெரிக்காவைச் சேர்ந்த எரிக் கண்டேலும் அவருடைய குழுவினரும் 1967 இல் அதன் நரம்புக்கலம் ஒன்றைத் தூண்டினர். அதன் இழைகள் சென்று சேரும் கலங்களுட் சில கிளர்ந்தன; சில அடங்கின. இரண்டுக்கும் அனுப்பப்பட்ட தூது அதே அசற்றைல்கோலின். அனுப்பியதும் ஒரே கலம். வியப்பு அதனோடு முடியவில்லை. பெறுங்கலங்களுள் ஒன்று, தூது மெல்ல வந்தபோது கிளர்ந்து, விரைந்து வந்தபோது அடங்கிற்று. அதனிடம் இருவகை வாங்கிகளும் இருந்தன.

மனித மூளையிலே ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. அங்கே இவ்வேறுபாட்டின் விளைவைத் தெளிவாகக் காட்டுவது டோபமீன் என்னும் தூதுப்பொருளின் வரலாறு. அதன் தொடக்கம் இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் சர்ப்பகந்தா என்னும் செடியிலே உள்ளது. நாட்டு வைத்தியர் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் கொடுத்துவந்த அதன் வேரிலிருந்து, சுவிற்சர்லாந்தில் 1952 இல் றெசர்ப்பீன் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் அதனை முயல்களுக்கு ஏற்றியபொழுது, அவை கண்ணிமையும் தூக்காது அசைவற்றுக் கிடந்தன. டோபமீனின் மூலப்பொருளாகிய டோப்பாவைக் கொடுத்ததும் எழுந்து நடமாடின. 1957 இல் வெளியான இச்செய்திக்கு முன்னர், டோபமீன் தன்னளவில் ஒரு தூது என்று கருதியவர் மிகச் சிலரே. 1960 இல் வியன்னாவிலே ஒலே ஹோர்னிக்கீவிச்சு என்பவர், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில், வரியுடலம் என்னும் பகுதியிலே டோபமீன் பெரிதும் குன்றியிருப்பதைக் கண்டார். நடுமூளையில் கருநிறமாய்த் தோன்றும் ஒரு சிறு பகுதியிலிருந்து வரியுடலத்துக்கு டோபமீனைக் கொண்டுவரும் கலங்கள் அழிந்துபோவதே இந்நோய்க்குக் காரணம். கை நடுங்குகின்றது, உடல் விறைக்கின்றது, எழ நினைத்தாலும் எழ முடிவதில்லை.

இங்கேதான் கேள்வி எழுகின்றது. டோபமீன் குன்றினால் அசைவு ஏன் குன்றவேண்டும்? வரியுடலத்தின் நரம்புக்கலங்களிற் பெரும்பாலானவை நுணுக்குக்காட்டியின் கீழே ஒரே தோற்றமுடையவை. ஒரே அளவு, ஒரே வடிவம், முட்கள் போன்ற ஒரே நுண்முனைகள். உடன்பிறந்தார் போலப் பக்கத்திற் பக்கம் கலந்து கிடக்கின்றன. ஆயினும் அவை இருவகையின. 1990 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த சார்ள்சு கேர்பனும் பிறரும் எலிகளின் மூளையிலே இதனைக் காட்டினர். ஒருவகைக் கலங்கள் டீ-1 என்னும் டோபமீன் வாங்கியையும், மற்றவகை டீ-2 என்னும் வாங்கியையும் மிகுதியாகக் கொண்டுள்ளன. டீ-1 வாங்கி கலத்தினுள்ளே வட்ட ஏ. எம். பி. என்னும் சிறு மூலக்கூறைப் பெருகச் செய்கின்றது. கலம் எளிதிற் கிளர்கின்றது. டீ-2 வாங்கியோ அதனைக் குறையச் செய்கின்றது, கலம் அடங்குகின்றது. முதல்வகைக் கலங்களின் இழைகள் அசைவைத் தொடங்கி வைக்கும் வழியிலே செல்கின்றன. இரண்டாம் வகையின் இழைகள் அசைவைத் தடுக்கும் வழியிலே செல்கின்றன. ஆகவே டோபமீன் வந்து சேரும்பொழுது, வண்டியைச் செலுத்தும் கலங்கள் தூண்டப்படுகின்றன, அதே கணத்திலே தடைபோடும் கலங்கள் தளர்த்தப்படுகின்றன. டோபமீன் இல்லாவிடின் தடை இறுகி நிற்கும்.

2010 இல் சான் பிரான்சிசுக்கோவிலே சுண்டெலிகளைக் கொண்டு இதனை நேரடியாகச் சோதித்தனர். ஒளிபட்டாற் கிளரும் புரதத்தை இருவகைக் கலங்களுள் ஒருவகையில் மட்டும் பொருத்தி, மூளைக்குள் ஒளியைச் செலுத்தினர். டீ-1 வகை கிளர்ந்தபொழுது சுண்டெலி ஓடிற்று. டீ-2 வகை கிளர்ந்தபொழுது ஓடிய எலி நின்றுவிட்டது. ஆயினும் ஒன்று செலுத்துவது, மற்றது தடுப்பது என்னும் இப்படத்தை அளவுக்கு மீறி நம்பலாகாது. விலங்கு தானாக நடக்கத் தொடங்கும்பொழுது இருவகைக் கலங்களும் ஒருங்கே செயற்படுகின்றன என்பதும் பின்னர் தெரியவந்துள்ளது. வேண்டிய அசைவை எழுப்புவதோடு வேண்டாத அசைவுகளை அடக்குவதும் தேவைதானே.

உளநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகள் பலவற்றின் இயல்பும் இதனால் விளங்குகின்றது. 1952 இல் பாரிசு நகரில் முதன்முதலில் உளநோயாளருக்குக் கொடுக்கப்பட்ட குளோர்புரோமசீனும் அதன் வழிவந்த மருந்துகளும் டீ-2 வாங்கியை அடைக்கின்றன. பிரமையும் வீண் அச்சமும் தணிகின்றன. ஆனால் வரியுடலத்திலும் அதே வாங்கி இருப்பதால், சிலருக்குக் கை நடுக்கமும் விறைப்பும் உண்டாகின்றன. பார்க்கின்சன் நோயாளருக்குக் கொடுக்கப்படும் டோப்பாவோ இதற்கு மறுதலை. அது மிஞ்சினாற் சிலருக்கு இல்லாத உருவங்கள் தோன்றுகின்றன. வீட்டில் உள்ளோர் இதனைப் புதிய நோயென்றோ வேறு தோஷமென்றோ கருதி மருந்தைத் தாமே நிறுத்திவிடுவது ஆபத்தானது. மருத்துவரிடம் தெரிவித்து அளவை மாற்றுவதே முறை.

வாங்கி ஒன்றாகவே இருக்க, கலத்தின் உள்நிலை மாறுபட்டால் யாது நிகழும்? இதற்கு விடை தருவது காபா என்னும் தூது. வளர்ந்த மூளையிலே கிளர்ச்சியை அடக்கும் தலையாய பொருள் அதுவே. அதன் வாங்கிகளுள் முக்கியமானது குளோரைட்டு அயனுக்கு வழிவிடும் ஒரு துளை. குளத்தின் மதகைத் திறந்தால் நீர் எப்பக்கம் ஓடும் என்பது மதகைப் பொறுத்ததன்று. இருபுறத்து நீர்மட்டத்தைப் பொறுத்தது. வளர்ந்த நரம்புக்கலம், தன் சவ்விலுள்ள ஒரு புரதத்தைக் கொண்டு, குளோரைட்டை ஓயாது வெளியே இறைத்துக்கொண்டிருக்கின்றது. அதனால் உள்ளே குளோரைட்டு குறைவு. மதகு திறந்ததும் எதிரேற்றமுள்ள குளோரைட்டு உட்புகுந்து கலத்தை அடக்குகின்றது. இளங்கலத்திலோ அவ்விறைப்பான் இன்னும் தோன்றவில்லை. குளோரைட்டை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும் வேறொரு புரதமே மிகுந்துள்ளது. அங்கே மதகு திறந்ததும் குளோரைட்டு வெளியே பாய்கின்றது, கலம் கிளர்கின்றது. பாரிசிலே யெகெஸ்கல் பென் ஆரியும் பிறரும் 1989 இல் பிறந்து சில நாள்களேயான எலிக்குட்டிகளின் மூளைத் துண்டங்களில் இதனைக் கண்டனர். வெளியே இறைக்கும் புரதம் வயதோடு பெருகுவதே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று பின்லாந்து ஆய்வாளர் 1999 இல் காட்டினர். அதே தூது, அதே வாங்கி. ஆனால் குட்டிக்கு ஒரு பொருள், தாய்க்கு வேறொரு பொருள். உயிருள்ள குட்டியின் மூளை முழுவதிலும் இக்கிளர்ச்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதிலே ஆய்வாளரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

பச்சிளங் குழந்தைக்கு வலிப்பு வந்தால், மருத்துவர் முதலிற் கொடுப்பது பெரும்பாலும் பீனோபாபிற்றோன். காபாவின் விளைவை மிகுவிப்பதே அம்மருந்தின் வேலை. 1999 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், அது பாதிக்குக் குறைவான குழந்தைகளிலேயே வலிப்பை முற்றாக அடக்கியது. வளர்ந்தோருக்குப் பலிப்பது சிசுவுக்குப் பலியாமைக்குக் காபாவின் இத்தலைகீழ் மாற்றம் ஒரு காரணமாகலாம் என்று பலர் எண்ணினர். குளோரைட்டை உட்சேர்க்கும் புரதத்தைத் தடுக்கும் மருந்தொன்று ஏற்கெனவே கைவசம் இருந்தது: உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராய் வெளியேற்றுவதற்கு வழங்கிவந்த பியூமெற்றனைடு. ஐரோப்பிய மருத்துவமனைகள் சிலவற்றில் அதனைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2015 இல் வெளியான முடிவு மனத்தை வருத்துவது. வலிப்பு எதிர்பார்த்தவாறு குறையவில்லை. குழந்தைகள் சிலரின் செவிப்புலன் கெட்டிருந்தது. சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதே புரதம் உட்செவியிலும் வேலை செய்வதை இங்கே நினைத்தல் வேண்டும். மருந்து தேடிச் சென்ற மூலக்கூறு சரியானதாயிருக்கலாம். ஆனால் அது ஓரிடத்திலே மட்டும் இருக்கும் மூலக்கூறன்று.

ஒரே உடலிலுள்ள கலங்கள் யாவும் ஒரே பரம்பரையலகுத் தொகுதியையே உடையன. மனிதனிடம் புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000. எக்கலத்தில் எவை விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்பதாலேயே ஒரு கலத்துக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு உண்டாகின்றது. 2023 இல் வெளியான மனித மூளைக் கலப்படத்தில், இம்முறையிலே 3,000 க்கு மேற்பட்ட கலவகைகள் பிரித்துக் காட்டப்பட்டன. முன்னைய அறிஞர் வடிவத்தைக் கொண்டு ஒரு குடும்பமாக எண்ணியவை, வாங்கிகளையும் கால்வாய்களையும் கொண்டு நோக்கும்பொழுது பல குலங்களாய்ப் பிரிந்துவிடுகின்றன. இவ்வகைகளுள் எவை உண்மையிலே வேறு வேறு வேலை செய்கின்றன என்பதை இனித்தான் ஒவ்வொன்றாய்ச் சோதித்தறிய வேண்டும்.

இவ்வறிவு மருத்துவத்திலே எவ்வாறு பயன்படுகின்றது என்பதற்கு ஓர் அண்மை நிகழ்ச்சியைக் கூறலாம். டேல் ஒன்றெனக் கொண்ட மசுக்கரின் வாங்கி உண்மையில் ஐந்து வகைப்படும். அவற்றுள் முதலாவதும் நான்காவதும் மூளையில் மிகுந்துள்ளன. அவ்விரண்டையும் சிறப்பாகத் தூண்டும் சனோமெலின் என்னும் பொருள், 1990 ஆம் ஆண்டுகளில் முதியோரின் ஞாபகமறதி நோய்க்கெனச் சோதிக்கப்பட்டது. நோயாளரின் பிரமைகள் குறைந்தன. ஆனால் குமட்டலும் வாந்தியும் தாங்க முடியாதனவாயிருந்தன. ஏனெனில் குடலிலும் பிற உறுப்புக்களிலும் உள்ள மசுக்கரின் வாங்கிகளையும் அது தூண்டிற்று. மருந்து கைவிடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து அதனோடு துரோசுப்பியம் என்னும் வேறொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும் தொல்லைக்கு முன்னரே வழங்கிவந்த துரோசுப்பியம், மசுக்கரின் வாங்கிகளை அடைப்பது. ஆனால் குருதியிலிருந்து மூளைக்குள் எளிதிற் புகமாட்டாதது. எனவே சனோமெலின் மூளையிலே தன் வேலையைச் செய்ய, அதற்கு வெளியே துரோசுப்பியம் காவல் நிற்கின்றது. இவ்விணை மருந்து, மனப்பிளவு நோய்க்கென 2024 செத்தெம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. டீ-2 வாங்கியை அது அடைப்பதில்லையாதலால், பழைய மருந்துகள் தரும் நடுக்கமும் விறைப்பும் அதனால் அவ்வாறு ஏற்படுவதில்லை. குமட்டலும் மலச்சிக்கலும் சிலருக்கு இன்னும் உண்டாகின்றன.